ஊரைவிட்டுப் போகாமல் வேலைக்குப் போகிறவர்கள்

(வத்திராயிருப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வத்திராயிருப்பில் ரயில் நிலையம் இல்லை. கூமாபட்டியிலும் இல்லை, பிளவக்கல் அணையடியிலும் இல்லை. நமக்குக் கிட்டத்து நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அதற்குப் போக இருபது கிலோமீட்டர் ஆகும், அணைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இன்னும் கூடும். ரயிலே வராத ஊரில் நின்றுகொண்டு ரயில் பயணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம், இந்தக் கூட்டத்திலேயே சட்டைப் பையில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கு அடுப்பு எரிகிறது. அந்த அடுப்பை எரிய வைப்பது தெற்கு ரயில்வேயின் கால அட்டவணை.

தினமும் ரயிலில் தொலைதூரம் போய்வருகிறவரைப் பார்த்தால் நம் ஆட்கள் "பாவம், அலைகிறான்" என்று இரக்கப்படுவார்கள். "பேசாம மதுரையிலேயே வீடு பாத்துப் போயிற வேண்டியதானே" என்பார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இவர்கள் அலைகிறவர்கள் இல்லை, ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று முடிவெடுத்தவர்கள். நம் கிராமங்களில் இன்னும் கொஞ்சம் படித்த குடும்பங்கள் விளக்கேற்றிக்கொண்டு இருக்கின்றன என்றால், வயலும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஆள் இல்லாமல் போகவில்லை என்றால், அதில் காலை வண்டிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

இந்தப் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போன பாதை 1904-இல் முழுமை பெற்றது. அது வேறு பக்கம். நம் பக்கத்துக்கு, விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது 1927-இல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியதும் அதே பத்தாண்டில்தான். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியது 1936. முதலில் தண்டவாளம், பிறகு மில். பஞ்சுப் பொதியும் தீப்பெட்டிப் பெட்டியும் போன தடத்தில்தான் பின்னால் மனிதர்களும் மாதச் சீட்டு வாங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

மீட்டர் கேஜ் காலத்தை இங்கே உள்ள மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து வரும் கொல்லம் மெயில் நம் வழியாகத்தான் போகும். வண்டி நிற்காமல் மெதுவாக நகரும்போதே ஒரு பெரிய வளையத்தை டிரைவர் கையில் வாங்குவார், இன்னொன்றை வீசி எறிவார். வளையத்தில் ஒரு பை, பைக்குள் ஒரு டோக்கன். அது கையில் இருந்தால்தான் அடுத்த நிலையம் வரை அந்தத் தண்டவாளம் அவருடையது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. 2004-இல் அகலப் பாதை வந்தது. பொதிகை எக்ஸ்பிரஸ் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டை – புனலூர் 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் அகலப் பாதையாகத் திறந்தது. இப்போது மின்சார இன்ஜின் ஓடுகிறது. வளையம் போய்விட்டது. ஆனால் பாதை இன்னும் ஒற்றைப் பாதைதான். தினப்பயணியின் வாழ்க்கையில் பாதிச் சங்கடம் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நிலையத்தில் பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதைத்தான் 'கிராஸிங்' என்கிறோம். எதிரே வருவது பெரிய வண்டி என்றால் நம் வண்டிதான் காத்திருக்க வேண்டும். சென்னை வண்டி எங்கோ விழுப்புரம் பக்கம் முக்கால் மணி பிந்தினால், திருத்தங்கலில் உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மூன்று நாள் தாமதமானால் அரை நாள் விடுப்பு கழிப்பார்கள். "ரயில் லேட்டு சார்" என்றால், "ரயிலுக்கா சம்பளம் குடுக்குறோம்?" என்று கேட்ட மேலதிகாரியும் உண்டு. அதனால்தான் தினப்பயணிகள் எப்போதும் தேவைக்கு முந்தைய வண்டியைப் பிடிக்கிறார்கள். ஆபீஸ் திறக்கும் முன்பே போய் வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, கணக்கும் கிடையாது.

இனி, நாம் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பதைப் பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து 1985-இல் நம் மாவட்டத்தை அமைத்தபோது ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் அமைந்தது. மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கோப்போடு விருதுநகருக்குப் போகிறார், விருதுநகர்க்காரர் வழக்குக் கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார். 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தபின் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கு மதுரையும் சேர்ந்துகொண்டது. சிவகாசி அச்சகங்களுக்கு இந்தப் பக்கமிருந்து போகிறவர்கள் ஒரு கூட்டம். மதுரையில் மருத்துவமனை, வங்கி, ஜவுளிக்கடை, கல்லூரி என்று போகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ராஜபாளையத்திலிருந்து 100. ரயிலில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். இரண்டு வேளைக்கு நாலு மணி நேரம். வீட்டிலிருந்து நிலையத்துக்கும், அங்கே இறங்கி அலுவலகத்துக்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஆறு மணி நேரம்.

சீசன் டிக்கெட்டுக்கு 150 கிலோமீட்டர் உச்சவரம்பு. ராஜபாளையத்துக்காரருக்கு மதுரை அதற்குள் தாராளமாக வருகிறது. செங்கோட்டைக்காரருக்கு வராது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதக் கட்டணத்தைப்போல 2.7 மடங்குதான். இந்தக் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். ஒரு மாத சீசனுக்கும், அதே தூரம் பேருந்தில் போனால் ஆகும் மாதச் செலவுக்கும் உள்ள வித்தியாசம்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் டியூஷன் பணம்.

என் தெருவில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். கூமாபட்டிக்குக் கிழக்கே அப்பா விட்டுப்போன வயல் ஒன்றரை ஏக்கர். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் இருப்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அணை திறந்து கண்மாய்களுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் முறைத் தண்ணீர் ஆரம்பிக்கும். நம் முறை ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் அந்நேரத்துக்கு மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். அதே ஆள் விடியக்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஒருநாள் வண்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் மடிக்கணினிப் பை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். பத்து விரல் நகத்துக்குள்ளும் வண்டல். பக்கத்தில் இருந்தவர் கேட்டார், "மடைய எப்ப அடச்சீக அண்ணாச்சி?" "ரெண்டரைக்கு." அவ்வளவுதான் பேச்சு. திருத்தங்கல் தாண்டுமுன் தூங்கிவிட்டார். விருதுநகரில் யாரும் எழுப்பவில்லை. திருப்பரங்குன்றம் வந்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பினார்கள்.

இவர் மதுரையில் குடியேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வயல் முதலில் குத்தகைக்குப் போகும். பிறகு தரிசாகும். கடைசியில் ஒருநாள் யாராவது கல் நட்டு பிளாட் போடுவார்கள். வயதான அம்மா தனியாக இருப்பார், அல்லது மாடி வீட்டின் ஒற்றை அறையில் ஊர் ஞாபகத்தில் வாடுவார். பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது பொங்கலுக்குப் போகும் ஊராகிவிடும். ஒரு சீசன் டிக்கெட் இத்தனையையும் தடுத்து நிறுத்தியிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு மனசு நெகிழ்கிறது, மறைக்கவில்லை.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாலை வண்டியில் மதுரையில் ஏறும் பெண்கள் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பையைத் திறப்பார்கள். மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்கீரையை மடியில் விரித்து உருவுவார்கள். சின்ன வெங்காயம் உரிப்பார்கள், தோலைச் சிந்தாமல் பழைய செய்தித்தாளில் சேர்ப்பார்கள். அவரைக்காய் நார் எடுப்பார்கள். சிவகாசி வருவதற்குள் மறுநாள் சமையலுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். இடையில் போனில், "அஞ்சாவது கணக்க மறுபடி போடு கண்ணு, நான் வந்து பாக்குறேன்." ஒருத்தி உடம்புக்கு முடியாமல் இருந்தால் அவள் கீரையை இன்னொருத்தி உருவிக் கொடுப்பாள். "நீ கண்ண மூடிச் சாஞ்சுக்கோக்கா." ஆண்கள் அந்த நேரத்தில் சீட்டாடுவோம், அல்லது போன் பார்ப்போம். அதே ஆறு மணி நேரப் பயணம்தான். ஆனால் பெண்ணுக்கு அது வீட்டு வேலையின் தொடர்ச்சி. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் வேலை பார்த்து, மாலை வண்டி அரை மணி நேரம் தள்ளி மாற்றப்பட்டால், முதலில் வேலையை விடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் பார்த்தவரை மனைவிதான். கால அட்டவணையில் ஒரு எண் மாறினால் ஒரு பெண்ணின் சம்பளம் நின்றுபோகிறது. அதை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதுவதில்லை.

2020 மார்ச் மாதம் நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நின்றன. பெருந்தொற்று நேரத்தில் நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு நடந்ததைப் பேச வேண்டும். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பியபோது முன்பதிவு செய்தவர்களுக்கே இடம் என்று இருந்தது. சீசன் வைத்திருந்தவர் கையில் இருந்தது வெறும் அட்டை. பாசஞ்சர் வண்டிகள் திரும்பியபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் திரும்பின. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனது. அது மறுபடி பத்துக்கு இறங்க 2024 பிப்ரவரி ஆயிற்று. திருத்தங்கலிலிருந்து விருதுநகருக்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் கூடுதல் என்றால் என்ன அர்த்தம்? அந்த இடைவெளியில் பலர் கடனில் இருசக்கர வாகனம் வாங்கி நாலுவழிச் சாலையில் போனார்கள். சிலர் மதுரையில் அறை எடுத்தார்கள். அவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. நம் ஊரில் பூட்டிக்கிடக்கிற சில வீடுகளின் வரலாறு அங்கே ஆரம்பிக்கிறது.

அடுத்தது வண்டிகளை இணைத்தது. 2022-இல் மதுரை – செங்கோட்டை வண்டி ஒன்றை மயிலாடுதுறை வண்டியோடு சேர்த்து ஒரே வண்டியாக்கினார்கள். 2023-இல் இன்னொன்று குருவாயூர் வரை நீண்டது. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஒரே வண்டியில் போக முடிவது நல்லதுதான், நானும் அதில் போய்வந்திருக்கிறேன். ஆனால் மாலையில் மதுரையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்பு வண்டி மதுரையிலிருந்தே கிளம்பும். காலிப் பெட்டி பிளாட்பாரத்தில் நிற்கும். களைத்து வந்தவர் ஏறி உட்காரலாம், கைக்குட்டை போட்டு இன்னொருவருக்கும் இடம் பிடிக்கலாம். இப்போது காவிரிக் கரையிலிருந்து நிறைந்து வருகிற வண்டியில் நாம் ஏறுகிறோம். அமாவாசை என்றால் சதுரகிரி பக்தர்கள், ஆடிப்பூரம் என்றால் ஆண்டாள் தேர் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பதில் நமக்குச் சந்தோஷம்தான், நம் ஊர் சாமியைப் பார்க்க வருகிறவர்கள். ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிற ஜவுளிக்கடைப் பெண், ஆண்டு முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டு வர வேண்டுமா? வண்டி நீளும்போது தாமதமும் நீள்கிறது. திண்டுக்கல்லுக்கு அப்பால் ஏற்படுகிற சுணக்கம் நம் வீட்டு ராச்சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறது.

இதெல்லாம் நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர். தினமும் போய்வருகிறார்கள். விழுப்புரம், அரக்கோணம் பக்கமும் அப்படித்தான். புனேயிலிருந்து மும்பைக்கு 1930 முதல் டெக்கான் குயின் ஓடுகிறது. அதில் மாதச் சீட்டுக்காரர்களுக்கென்றே பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். ஜப்பானில் புல்லட் ரயிலுக்கே 1983 முதல் சீசன் டிக்கெட் உண்டு. நிறுவனம் கொடுக்கும் பயணப்படிக்கு மாதம் ஒன்றரை லட்சம் யென் வரை வரி கிடையாது. தலைநகரம் வீங்கிப்போகாமல் இருக்க, ஊரில் இருந்துகொண்டே வேலைக்கு வருகிறவனுக்கு உதவ வேண்டும் என்று அந்த நாடு கணக்குப் போட்டிருக்கிறது. நம் நாட்டிலும் சீசன் டிக்கெட் என்பதே அரசு தரும் பெரிய சலுகைதான். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் ரயில் கட்டணங்களை உயர்த்தியபோதுகூட சீசனைத் தொடவில்லை. சலுகை கொடுத்தாயிற்று. அதைப் பயன்படுத்த ஏற்ற நேரத்தில் வண்டியும் வேண்டும் அல்லவா?

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. இரட்டைப் பாதை வரட்டும், அது வரும்போது வரட்டும். இன்றைக்கே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். மாலை வண்டியில் மதுரையில் இரண்டு முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூடுதலாக இணைக்க வேண்டும். அதில் ஒன்று பெண்களுக்கு. காலையில் அலுவலக வண்டிக்கு எதிரே தாமதமாக வரும் வண்டி எதுவானாலும், கிராஸிங்கில் அலுவலக வண்டிக்கு முதல் வழி. கால அட்டவணை மாற்றப்போகிறார்கள் என்றால், கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் தினப்பயணி ஒருவரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை ரயில்வேக்கு இல்லை, போக்குவரத்துக் கழகத்துக்கு. பிளவக்கல், கூமாபட்டி, வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் முதல் பேருந்து பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ரயில் நிலையம் ஊருக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. இருட்டில் அந்தத் தூரத்தை ஆட்டோவில் கடக்க ஆகும் செலவு, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் சீசன் கட்டணத்தைத் தொடும். இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்தவர் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டுப் போகிறார். ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு அண்ணனோ கணவனோ கொண்டுவிட வேண்டும். கொண்டுவிட ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு மதுரையில் கிடைத்த வேலை கிடைக்காத வேலைதான். அந்த ஒரு பேருந்தை காலை வண்டி நேரத்துக்கு நிலைய வாசல் வரை நீட்டினால் போதும். இரவு வண்டி வந்து சேரும் நேரத்துக்கும் ஒரு பேருந்து அங்கே நிற்க வேண்டும், வண்டி தாமதமானால் பேருந்தும் காத்திருக்க வேண்டும்.

இதற்காக இரண்டு மனுக்கள் தயார் செய்திருக்கிறோம். ஒன்று மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு, ஒன்று போக்குவரத்துக் கழகத்துக்கு. வாசலில் மேசை மேல் இருக்கின்றன. வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், திரும்பி வந்து சேரும் நேரம் நான்கையும் எழுதுங்கள். ரயில் நேரம் ஒத்துவராமல் வேலையை விட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் அழைத்துவந்து எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கென்று மூன்றாவது பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். அடுத்த வாரம் வியாழக்கிழமை நாங்கள் மதுரைக்குப் போகிறோம், காலை வண்டியில்தான். கூட வர முடிந்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொள்ளுங்கள்.